வடமேற்கு முளை

தாழங்குடாவில் தாழை எத்தனை என்று கேட்டால்
ஒன்பது.
ஏழு, ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால்.
இரண்டு சாய்ந்துவிட்டன, ஆனாலும் பச்சை.
திருப்பாதிரிப்புலியூரில் பாதிரி
நான் பார்த்தது கோயிலுக்குள் ஒன்று.
நெல்லிக்குப்பத்தில் நெல்லியைத் தேடவில்லை,
பஸ் அங்கே இரண்டு நிமிடம்தான் நிற்கும்.

பெயர் வைத்தவர்கள் எங்கள் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்:
எது மிகுதியோ அது முன்னால்,
எதில் நிற்கிறதோ அது பின்னால்.
தாழை. குடா.
நகல் மூன்று கேட்க ஆளில்லை அவர்களிடம்.

எங்களிடம் படிவம் இருக்கிறது.
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு,
நான்கு மூலைக்கு நான்கு முளை.
உள்ளே நிற்பதையெல்லாம் எண்ணு,
நிழல் எவ்வளவு தரையை மூடுகிறது பார்,
நூற்றில் ஐம்பதைத் தொட்டால் அதுவே தலைமை இனம்.
பிறகு மண், உப்பு, நீர் எத்தனை மாதம் நிற்கும்.
எல்லாம் சேர்ந்தால் தாவரச் சமுதாயத்தின் பெயர்.

சமுதாயம் என்று குமுதவல்லி சொன்னதும்
கயிறு பிடித்திருந்த அஞ்சாப்புலி சிரித்தார்:
"எங்க தெருவையும் அப்படித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க,
அதிகம் யாருன்னு பாத்து."

உப்பனாற்றங்கரை, பதினேழாம் சதுரம். புரட்டாசி.
வண்டியில் முளைக்கட்டை தீர்ந்துபோயிருந்தது.
ரோட்டோரப் பூவரசில் நாலு கொம்பு ஒடித்து
கூர் சீவி, கல்லால் அடித்தார்.
சீமைக்கருவேல் அறுபத்தொன்று.
வெண்கண்டல் கன்று இரண்டு, முழங்காலுக்குக் கீழே.
சங்கஞ்செடி ஒரு புதர், ஆடு கடித்தது.
உமரி
எண்ணி முடியாது.

தலைக்கணக்கில் உமரி, உயரத்தில் கருவேல்.
கருவேலின் நிழல் நாற்பத்தெட்டு.
குமுதவல்லி குந்தி உட்கார்ந்து, அண்ணாந்து,
இலைக்கு நடுவே வானத்தை மறுபடி அளந்தாள்.
நாற்பத்தெட்டுதான்.
இரண்டு விழுக்காடு போதாமல்
ஒரு நிலம் பெயரில்லாமல் நின்றது.

விறகுக்கு வந்த இருசாயி கயிற்றைத் தாண்டி உள்ளே நுழைந்தாள்.
இது என்ன காடு, அவளையே கேட்டோம்.
"ஐப்பசியில வந்தா சேறு,
மாசியில உப்பு பூத்துக் கெடக்கும்,
மத்த நாளு முள்ளு.
நீங்க எந்த மாசத்துக்குக் கேக்குறீங்க?"
படிவத்தில் மாதத்துக்கு ஒரு கட்டம் உண்டு,
மேல் மூலையில், தபால்தலை அளவில்.
அவள் வெட்டிச் சுமந்துபோன கிளைகளால்
நாற்பத்தெட்டு நாற்பத்தைந்தாயிற்று.
தீர்மானிக்கவில்லை என்று எழுதி மடித்தோம்.

தை பிறந்து போனபோது
வெள்ளம் வந்து வடிந்த கறை இடுப்பளவில்.
கருவேலில் பாதி வேரழுகிக் கறுத்து நின்றது.
கண்டல் இரண்டு, ஐந்தாகியிருந்தது.
மூன்று முளைகளைக் காணோம்.
எந்த அடுப்புக்குப் போயின என்று நாங்கள் கேட்கவில்லை.
வடமேற்கில் மட்டும் ஒன்று,
கல்லடியில் நைந்த தலைக்குக் கீழே
நான்கு இலை, சுருள் பிரியாத ஐந்தாவது.

அஞ்சாப்புலி தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.
"இதையும் எழுதணுமா?"

விதி இருக்கிறது. கோட்டின் மேல் நிற்பது
வடக்கோ மேற்கோ என்றால் உள்ளே,
தெற்கோ கிழக்கோ என்றால் வெளியே.
இது இரண்டு வகையிலும் உள்ளே.
ஆனால் அடித்தது நாம்.
தலைப்பிலோ, இயற்கையான, என்று இருக்கிறது.

குமுதவல்லி பேனாவை மூடினாள், திறந்தாள்.
"கருவேலும் யாரோ தூவினதுதானே" என்றாள்.

பூவரசு, ஒன்று. உயரம் எண்பது சென்டிமீட்டர்.
நிழல் என்ற கட்டத்துக்காக
உள்ளங்கையை இலைக்கடியில் நீட்டிப் பார்த்தாள்,
கட்டைவிரலுக்கு வெயில் மிச்சமிருந்தது.

மற்ற மூலைகளுக்கு இம்முறை இரும்புக் கம்பி.
அந்த மூலையில் கயிற்றைக் கட்டவில்லை.
அஞ்சாப்புலி அதன் பக்கத்தில் சேற்றில் ஊன்றி
நாங்கள் எண்ணி முடிக்கும்வரை
கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.